மயக்கத்தில் கிடக்கும் நாய்க்குக் காவல் யார்?

காங்கயத்துக் கொறங்காட்டில் இரவு முழுவதும் ஆட்டுப்பட்டியைச் சுற்றி வரும் நாயானாலும், கோவை ஆர்.எஸ்.புரத்து மாடி வீட்டில் மெத்தை மேல் வளரும் நாயானாலும், பெட்டையாக இருந்தால் ஆறேழு மாதம் நிரம்பும் தறுவாயில் கருத்தடைப் பேச்சு வீட்டில் எழத்தான் செய்கிறது. தெரு நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடை செய்வோம் என்ற எண்ணத்தைச் சென்னை புளூ கிராஸ் சங்கம் 1964-ஆம் ஆண்டில் செயலில் காட்டத் தொடங்கியது. இன்று கோவை மாநகராட்சியே சீரநாயக்கன்பாளையத்திலும் உக்கடத்திலும் அதற்கென மையங்கள் வைத்திருக்கும் அளவுக்கு அந்தச் சிகிச்சை சாமானிய விஷயமாகிவிட்டது. சாமானியமானது நல்லதே. ஆயினும், தையல் எத்தனை, புண் எத்தனை நாளில் ஆறும், செலவு எவ்வளவு என்றெல்லாம் விசாரிக்கும் நாம், அந்த அரை மணியோ ஒரு மணியோ பிரக்ஞை இழந்து கிடக்கும் ஜீவனுடைய சுவாசத்தையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று மட்டும் விசாரிப்பதில்லை. அதற்குக் காரணம் அன்புக் குறைவு அன்று. நம்மிடையே வேரூன்றிப் போன சில நம்பிக்கைகளே. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: “சின்ன வயசு, திடமான உடம்பு, மயக்க ஊசி ஒண்ணும் பண்ணாதுங்க.”

உண்மை: குளோரோபாரம் மயக்கத்தில் நேர்ந்ததாக ஏட்டிலேறிய முதல் மரணம் முதியவர் ஒருவருக்கோ நெடுநாள் நோயாளி ஒருவருக்கோ நேர்ந்ததன்று, 1848 ஜனவரி 28-ஆம் நாள், இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகே, கால் நகம் ஒன்றை எடுப்பதற்காக மயக்கம் கொடுக்கப்பெற்ற ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்கு நேர்ந்தது. இளமை, ஆரோக்கியம், சின்னச் சிகிச்சை ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே இருந்தன. மூன்றும் அவளைக் காக்கவில்லை.

பிரிட்டனில் ஏறத்தாழ 98,000 நாய்களின் மயக்கக் குறிப்புகளைத் திரட்டி 2008-இல் வெளியான பெரிய ஆய்வு, நோயுற்ற நாய்களில் 75-க்கு ஒன்றும், ஆரோக்கியமான நாய்களில் 1,850-க்கு ஒன்றும் மயக்கத்தை ஒட்டி இறந்ததாகக் கணக்கிட்டது. ஆரோக்கியமான நாய்க்கு அபாயம் சொற்பமே என்பதில் நாம் நிம்மதி கொள்ளலாம். அந்தச் சொற்பமும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்காதபடி பார்த்துக்கொள்வதில்தான் ஜாக்கிரதை இருக்கிறது. வயது குறையக் குறைய நாயின் இருதயம், துடிப்புக்கு வெளித்தள்ளும் ரத்தத்தை அதிகப்படுத்திக்கொள்ளும் வலிமை குறைந்ததாய், துடிப்பின் வேகத்தை நம்பியே ரத்த ஓட்டத்தை நடத்துவதாயிருக்கும். ஆகையால் வளர்ந்த நாய் பொறுத்துக்கொள்ளும் நாடித் தளர்ச்சியைக் குட்டி பொறுக்காது. அன்றியும், தோட்டத்திலும் பட்டியிலும் திரியும் நம் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சகஜம். துள்ளி விளையாடும் நாயின் உடம்பிலும் அது மறைந்திருந்து, ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைத்து வைத்திருக்கலாம். அதை அறுவைக்கு முன்பு ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். பரிசோதியாவிடில், வயிற்றைத் திறந்த பிறகு நில்லாத ரத்தம் காட்டிக்கொடுக்கும்.

நம்பிக்கை: “முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே பச்சைத் தண்ணிகூடக் காட்டக் கூடாது.”

உண்மை: வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது சுவாசப் பையில் இறங்கக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், நீண்ட பட்டினியே நீண்ட பத்திரம் என்று கொள்வது தவறு. சிறு குட்டியின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவாதலால், இரவெல்லாம் வெறும் வயிறாய்க் கிடந்த குட்டிக்கு ரத்தச் சர்க்கரை இறங்கி, மயக்கம் தெளியாமல் துவண்டு போகக்கூடும். ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு நாலு முதல் ஆறு மணி நேரமும், மிகச் சிறு குட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரமும் உணவை நிறுத்தினால் போதும் என்பதும், தண்ணீரை மறுக்க வேண்டியதில்லை என்பதும் இக்காலத்து வழிகாட்டுதல். உங்கள் நாய்க்கு எத்தனை மணி என்பதை அதன் வயதையும் எடையையும் சொல்லி வைத்தியரிடமே கேட்டுக்கொள்வது உத்தமம்.

நம்பிக்கை: “மயக்க ஊசி எல்லா நாய்க்கும் ஒண்ணுதான், எடைக்குத் தக்க அளவு போட்டாப் போதும்.”

உண்மை: எடை ஒரு கணக்கே தவிர முழுக் கணக்கன்று. தயோபென்டோன் என்ற பழைய மருந்து மூளையை விட்டு அகன்று தசையிலும் கொழுப்பிலும் பரவுவதனால்தான் நாய் விழித்துக்கொள்கிறது. கொழுப்பு மிகக் குறைந்த, ஒட்டிய வயிறும் நீண்ட காலும் உடைய கிரேஹவுண்டு போன்ற வேட்டை நாய்களிடம் அந்த மருந்து ஒதுங்கப் போதிய இடமில்லாமல் ரத்தத்திலேயே சுற்றி, மணிக்கணக்கில் அவற்றைக் கிடத்திவிடுவதுண்டு. அதே உடல்வாகு பெற்ற நம் சிப்பிப்பாறையையும் கன்னி நாயையும் கொண்டு செல்பவர்கள், இனத்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்களில் பெரிதும் பிரயோகத்திலிருக்கும் சைலசின், கெட்டமின் என்ற இரண்டின் இயல்பும் வேறு வேறு. முன்னது நாடியைத் தளர்த்தும். பின்னது நாயைக் கண் திறந்தபடியே மயக்கத்தில் ஆழ்த்தும். கருவிழி கீழ்நோக்கி உருண்டிருக்கிறதா, இமையைத் தொட்டால் துடிக்கிறதா என்பவற்றைக் கொண்டு மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் வழக்கமான முறை கெட்டமினிடம் செல்லாது. எந்த மருந்து உடம்பில் ஏறியிருக்கிறது என்று அறிந்தவருக்கே எந்த அறிகுறியை நம்பலாம் என்பது தெரியும்.

நம்பிக்கை: “நெஞ்சு ஏறி இறங்குது பாருங்க, அது போதும்.”

உண்மை: இந்த நம்பிக்கைக்கு நம் தேசத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. ஹைதராபாத்தில் ரெசிடென்சி வைத்தியராயிருந்த எட்வர்டு லாரி என்பவர், குளோரோபாரத்தில் முதலில் நிற்பது சுவாசமே, இருதயமன்று, ஆகவே சுவாசத்தை மட்டும் கவனித்தால் அபாயமில்லை என்று உறுதியாக நம்பினார். நிஜாம் மஹபூப் அலி கானின் பொருளுதவியால் 1888-இலும், லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற நிபுணரை வரவழைத்து 1889-இலும், இரண்டு கமிஷன்கள் அமைத்து ஏராளமான நாய்களுக்குக் குளோரோபாரம் கொடுத்துப் பரிசோதித்து, தம் கொள்கையே சரியென்று அவர் நிலைநாட்டினார். ஆனால் 1911-இல் லெவி என்பவர் பூனைகளிடம் செய்த பரிசோதனைகளில், மயக்கம் ஆழமாயிராத வேளையிலேயே இருதயம் தாறுமாறாய்த் துடித்துச் சட்டென்று நின்றுவிடக்கூடும் என்பது பிரத்தியட்சமாயிற்று. குளோரோபாரம் மறைந்துவிட்டது, அத்தனை நாய்கள் உயிர் கொடுத்துக் கற்பித்த பாடம் மறையலாகாது. சுவாசம் ஒன்று, நாடி ஒன்று. இரண்டுக்கும் தனித்தனியே காவல் வேண்டும். மூச்சுக்காக வைத்த குழாய் அடைபட்ட நாயின் நெஞ்சுகூட ஏறி இறங்கும். காற்று உள்ளே போகாது.

கோவையில் ஒரு சிகிச்சைக்கூடத்தில் கண்ணாடிக் கதவுக்கு இப்பாலிருந்து நான் கண்ட காட்சி ஒன்று உண்டு. மேஜை மேல் ஏழு மாதத்துச் செவலை நாட்டு நாய். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உதவியாளப் பெண்மணி, தொடையின் உட்புறத்து நாடியில் இரண்டு விரல்களை வைத்தபடி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு தாளில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். கருப்பையை ஒட்டிய சூலகத்தை வைத்தியர் மேலே இழுத்த க்ஷணத்தில் (இந்தச் சிகிச்சையிலேயே வலி மிகுந்த கட்டம் அதுதான்) அந்தப் பெண்மணி தலை நிமிர்ந்து, “சார், மூச்சு வேகமாகுதுங்க, நாடியும் ஏறுதுங்க” என்றார். வைத்தியரின் கை அப்படியே நின்றது. மருந்து சற்றுக் கூட்டப்பட்டது. இரண்டு நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. “இப்போ பண்ணலாமுங்க” என்று அவர் சொன்ன பிறகே கை மறுபடி அசைந்தது. கத்தி பிடித்தவரின் கண் புண்ணை விட்டு அகலக்கூடாது. ஆகையால், வேறொன்றையும் பாராமல் நாயை மட்டும் பார்க்கும் இன்னொரு ஜோடிக் கண் அங்கே இருந்தாக வேண்டும்.

நம்பிக்கை: “மெஷின் மாட்டியாச்சு, இனி ஆள் எதுக்கு?”

உண்மை: கொரோனாக் காலத்தில் நாம் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டரேதான் நாயின் நாக்கில் மாட்டப்படுகிறது. 95-க்குக் கீழே எண் இறங்கினால் கவலைப்பட வேண்டும். ஆனால் நாக்கு உலர்ந்துபோனாலும், சைலசினால் ரத்த நாளங்கள் சுருங்கினாலும் அது பொய்யாக இறங்கிக் காட்டும். ஆக்ஸிஜன் பெற்றுக்கொண்டிருக்கும் நாய் சுவாசத்தை நிறுத்திவிட்டாலோ, சில நிமிஷங்கள் வரை ஒன்றும் நேராததுபோல் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராப் இருந்தால் அது உடனே சொல்லிவிடும். இல்லாத இடத்தில் சுவாசத்தை எண்ணும் மனிதரே சொல்ல வேண்டும்.

ஆகையால் கருவி வேண்டாமென்பதன்று. பிரிட்டன் ஆய்வில் பூனைகளைப் பற்றிய பகுதியில், நாடியைத் தொட்டுப் பார்த்தும் ஆக்ஸிமீட்டரை மாட்டியும் காக்கப்பட்டவற்றுக்கு மரண அபாயம் குறைந்திருந்தது தெரியவந்தது. கருவியும் கையும் சேர்ந்ததே காவல். நாயின் பல் ஈற்றில் விரலை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்கிறதா என்று பார்ப்பதற்கு மின்சாரம்கூட வேண்டியதில்லை.

நம்பிக்கை: “கோயமுத்தூர் வெயில்ல நாய்க்குக் குளிராவது!”

உண்மை: நாயின் இயல்பான உஷ்ணம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. மயக்கத்தில் உடம்பு தன் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. சவரம் செய்த வயிறு, அதன் மேல் தடவிய ஸ்பிரிட்டு, திறந்த குடல், உலோக மேஜை, ஏ.சி. அறை ஆகிய இத்தனையும் சேர்ந்து சித்திரை மாதத்திலும் அதைக் குளிரச் செய்யும். உடம்பு சிறுத்தால் குளிர்வதும் சீக்கிரம். குளிர்ந்த உடம்பு மருந்தைக் கழிப்பதும் தாமதம். போர்வையும் இளஞ்சூடும் அவசியமே. சுடுநீர்ப் புட்டியை மட்டும் துணி சுற்றாமல் ஒட்டி வைக்கலாகாது. மயங்கிய நாய் சூட்டிலிருந்து விலகிக்கொள்ளாது. தோல் வெந்த பிறகே நமக்குத் தெரியும்.

நம்பிக்கை: “தையல் போட்டாச்சு, ஆபத்து தாண்டியாச்சு.”

உண்மை: எல்லா நம்பிக்கைகளிலும் கொடியது இதுவே. மேற்சொன்ன பிரிட்டன் ஆய்வில் இறந்த நாய்களில் ஏறத்தாழப் பாதி, அதாவது 47 சதவீதம், இறந்தது அறுவையின்போதன்று. அறுவை முடிந்த பிறகு. அவற்றிலும் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்துக்குள். எல்லோரும் கை கழுவிக்கொண்டு நகரும் நேரம் அது. குழாய் எடுக்கப்பட்டு, ஆக்ஸிஜன் நிறுத்தப்பட்டு, கருவிகள் அடுத்த நாய்க்குப் போய்விடும் நேரமும் அதுவே.

ஆகையால், நாயைக் கொண்டுபோகும் நாளில் மூன்று கேள்விகளைப் பணிவாகவும் கூசாமலும் கேளுங்கள். மயக்கத்தைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவர் இருப்பாரா? நாடியும் சுவாசமும் உஷ்ணமும் தாளில் எழுதப்படுமா? விழித்து எழும் வரையில் பக்கத்தில் இருப்பவர் யார்? சிரத்தையுள்ள வைத்தியர் இவற்றைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். கேட்பாரில்லையே என்றுதான் பல காலமாக வருந்திக்கொண்டிருப்பார்.

நாய் தலை தூக்கித் தானாக எழுந்து நிற்குமுன் வீட்டுக்கு அவசரப்படாதீர்கள். வீடு வந்த பிறகு, ஈறு வெளுக்கிறதா, வயிறு உப்புகிறதா, கூப்பிட்டால் காது அசைகிறதா என்று அன்றிரவு எழுந்து எழுந்து பாருங்கள். ஒன்று மாறினாலும் விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரை அழையுங்கள். தோட்டத்தில் விளைந்த பயிருக்கு முறை போட்டுக் காவல் இருக்கும் நாட்டார் நாம். வைத்தியர் முறையும் உதவியாளர் முறையும் முடிந்து, அன்றிரவு உங்கள் முறை வந்திருக்கிறது.