நாலாம் மாத ஊசி யாருக்கு ஞாபகம்?

தாய்மார்களே, பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா என்று கேட்டால் "போட்டாச்சுங்க" என்று உடனே சொல்வீர்கள். எந்த ஊசி, இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டால் "அதெல்லாம் மிசிக்குத்தான் தெரியும்" என்பீர்கள். சுங்கை சோவிலிருந்து கோல சிலாங்கூர் வரை உள்ள தோட்டத் தாய்மார்களோடு அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

பிறந்தவுடன் மருத்துவமனையிலேயே காசநோய்க்கு பிசிஜி ஊசியும், 'பி' வகை மஞ்சள் காமாலைக்கு ஓர் ஊசியும் போட்டுவிடுகிறார்கள். இரண்டாம் மாதம், மூன்றாம் மாத ஊசிகளுக்கும் தொல்லை இல்லை. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். பிரசவத்தன்று தொடங்கினால் மூன்று மாதமும் சில நாளும் வீட்டில் இருப்பீர்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். 4, 5, 6, 9, 12, 15, 18 ஆகிய ஏழு மாதங்களிலும் ஊசி உண்டு. அப்போது நீங்கள் மறுபடி பிரட்டில் நிற்பீர்கள். பிள்ளை பாட்டியிடம் இருக்கும். கிளினிக் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஊசி தவறுவதைத் தாயின் அக்கறைக் குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள் சம்பள விடுமுறை உண்டு. அப்பாவுக்கும் உண்டு. ஏழு தடவையும் அம்மாவேதான் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று யார் சொன்னது? தேதி முன்கூட்டியே புத்தகத்தில் எழுதியிருக்கும். மண்டோரிடம் அப்போதே சொல்லிவையுங்கள்.

இவற்றில் 9-ஆம் மாதமும் 12-ஆம் மாதமும் போடுவது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி. "ஒண்ணு போட்டாச்சே, இன்னொண்ணு எதுக்கு?" என்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில பிள்ளைகளுக்கு முதல் ஊசியைச் சரியாக வேலை செய்யவிடாது. அந்தக் குறையை இரண்டாவது ஊசி நிரப்புகிறது. தட்டம்மை கண்டவர் எழுந்துபோன அறைக் காற்றிலும் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். லயத்தில் ஒரு வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டுக்கு வர எவ்வளவு நேரம்? 2019-இல் கிளந்தான், குவா மூசாங் அருகே கோல கோ என்ற பூர்வகுடிக் கிராமத்தில் பாத்தேக் மக்கள் பலர் இறந்தார்கள். முதலில் தண்ணீர் கெட்டுப்போனதோ என்று சந்தேகித்தார்கள். பிறகு தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதிசெய்தது. ஊசி முழுதாகப் போட்டுக்கொண்டவர்கள் அங்கே குறைவு.

அம்மை என்றால் வேப்பிலை கட்டி அம்மனை வேண்டுவது நம் வழக்கம். வேண்டுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் தட்டம்மை நெஞ்சுச் சளியாகி மூச்சை அடைக்கும், சிலருக்கு மூளையையும் தாக்கும். டாக்டரிடம் காட்டாமல் இருக்கக்கூடாது. பாட்டிமார் கையில் உள்ள வட்டத் தழும்பைப் பாருங்கள். அந்தக் காலத்தில் அம்மை குத்தியதனால்தான் பெரியம்மை ஒழிந்தது. 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது.

"ஊசி போட்டா காய்ச்சல் வருது" என்பது உண்மைதான். ஆறு நோய்க்கும் சேர்ந்த ஊசிக்கு அன்றோ மறுநாளோ வரும். தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரலாம். கிளினிக்கில் சொன்ன அளவுக்கு மட்டும் காய்ச்சல் மருந்து கொடுங்கள். பெரியவர்களின் பெனடோலை உடைத்துக் கொடுக்காதீர்கள். பிசிஜி போட்ட இடது கையில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் கிளம்பி ஆறும். அதைப் பிதுக்க வேண்டாம், தைலம் தடவ வேண்டாம். வலிப்போ மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தேதி தவறிவிட்டதா? "மிசி ஏசுவாங்க" என்று பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். லேசான சளி இருந்தாலும் கூட்டிப்போங்கள், போடலாமா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். குடிமக்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் இந்த ஊசிகளுக்குக் காசு கிடையாது. தோட்டத்தை விட்டு வேறு இடம் குடிபோனால் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுக் கிளினிக்கில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.