கணிப்பானில் எண் பதிதலும் பிழை திருத்தலும்

தேவகோட்டை வட்டாரத்தில் எண்சுவடியை மனனம் செய்து, 320-இல் ஒரு பங்காகிய முந்திரி வரையிற் கணக்கிட்ட முன்னோர் பலர் இருந்தனர். பேரேட்டில் எண் தவறினால் அதனைச் சுரண்டி அழித்தல் நல்ல கணக்கர்க்கு அழகன்று. கோடிட்டு அடித்துத் திருத்துவதே முறை. அடிபட்ட எண் பின்னரும் கண்ணுக்குத் தெரியும். கையடக்கக் கணிப்பானிலோ தவறு தடமின்றி மறையும். ஆதலின் சமக்குறியை அழுத்துமுன் திரையை ஒருமுறை வாசித்தல் வேண்டும்.

40-ஆம் நம்பர் ஒற்றைப் பருத்தி நூலில் ஓர் இராத்தலுக்கு 40 சிட்டம், சிட்டம் ஒன்று 840 கெஜம், கெஜம் 0.9144 மீட்டர். 3,200 இழையில் 60 மீட்டர் பாவுக்கு நூல் எவ்வளவு? 3200 × 60 ÷ (40 × 840 × 0.9144) எனப் பதிந்தால் 6.249 இராத்தல், அதாவது சுமார் 2.835 கிலோ கிடைக்கும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் விடை 36 இலட்சத்தைத் தாண்டும்! அத்தகைய பெரும்பிழை தானே காட்டிக்கொடுக்கும். 3200-க்குப் பதில் 3020 எனப் பதிந்த சிறுபிழையே நூல் வழங்கும்போது நெசவாளியின் தலையில் விழும்.

காசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் போன்ற விஞ்ஞானக் கணிப்பானில் இதற்காக அனைத்தையும் மீண்டும் பதிய வேண்டுவதில்லை. இடவல அம்பு விசையால் தவறிய இலக்கத்திற்குச் சென்று சரியானதை அழுத்தினால் பழையது மாறிவிடும். மிகுதியானதை 'டெல்' விசை நீக்கும். 'ஷிஃப்ட்' அழுத்திப் பின் அதே விசையை அழுத்தினால் விடுபட்டதை இடையிற் செருகலாம். விடை வந்த பின்னரும் அம்பு விசையை அழுத்தினால் முன்பதிந்த கணக்கு திரும்பும். 'ஏசி' அழுத்தியபின்னும் அது கிட்டும்.

நிற்க, 'ஏசி' திரையைத் துடைக்குமேயன்றி 'எம்' நினைவகத்தைத் துடைக்காது. கருவியை அணைத்தாலும் அத்தொகை நிலைக்கும். நேற்றைய கூலித்தொகை இன்றைய கூட்டலில் புகுவது இவ்வழியேதான். திரையில் 'எம்' எழுத்துத் தெரிந்தால், 0 அழுத்தி, 'ஷிஃப்ட்', 'எஸ்டிஓ', 'எம்' என முறையே அழுத்திய பிறகே புதுக்கணக்கைத் தொடங்குக.

பேரேட்டுக்கும் கணிப்பானுக்கும் வேறுபாடு கண்டால், அதனை 9-ஆல் வகுத்துப் பார்க்கலாம். 1,520-ஐ 1,250 எனப் பதிந்தால் வேறுபாடு 270. 3,200-ஐ 320 எனப் பதிந்தால் 2,880. இரண்டும் மீதியின்றி வகுபடும். அவ்வாறு வகுபடின் இலக்கம் இடம் மாறிய எண்ணையோ, சுழி விடுபட்ட எண்ணையோ முதலில் தேடுக. இது குறிப்பேயன்றி உறுதியன்று. வகுபடாவிடின் ஒரு பதிவு முழுவதும் விடுபட்டதா என்று பார்க்கலாம்.