நம்பிக்கைகளும் உண்மைகளும்: இல்லாத வாரண்டிக்குப் பயப்படுகிறவர்கள்

“வெளியால சர்விஸ் செஞ்சா வாரண்டி போயிருமாம்.”

பாண்டிருப்பிலும் கல்முனையிலும் கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த ஒரு வசனம் வரும். சொல்பவர் படிக்காதவரும் அல்ல. ஆசிரியராக இருப்பார், வங்கியில் வேலை பார்ப்பவராக இருப்பார். கையில் கார்க் கம்பெனியின் ஏஜென்ட் தந்த கொட்டேசன் இருக்கும். ஒயில் மாற்றி, பிறேக் பார்த்து வரப் போனவருக்கு இரண்டு பக்கக் கடதாசி. கடைசி வரியில் இருக்கும் தொகையைப் பார்த்து அவருக்கே நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் கட்டுகிறார். ஏன் என்றால் இந்தப் “போயிருமாம்”. யார் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை.

போகப் போவது எது என்றாவது பார்த்தீர்களா?

உங்கள் முற்றத்தில் நிற்பது ஜப்பானிலிருந்து வந்த வேகன் ஆரா, அக்வாவா, விட்ஸா, வெசலா? அப்படியானால் அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பெரும்பாலும் ஏஜென்ட் அல்ல. தனி இறக்குமதியாளர் ஒருவர் ஜப்பானில் வாங்கி, கப்பலில் ஏற்றி, இங்கே இறக்கி, ஒரு கார் சேல் மூலம் உங்களிடம் விற்றார். வாரண்டி என்பது விற்றவர் வாங்கியவருக்குக் கொடுக்கும் வாக்குறுதி. ஏஜென்ட் உங்களுக்கு எதையும் விற்கவில்லை, எதையும் வாக்களிக்கவும் இல்லை. கார் சேல்காரர் எஞ்சினுக்கும் கியர் பொக்சுக்கும் சில மாதம் பொறுப்பு என்று எழுதித் தந்திருக்கலாம். அது அவருக்கும் உங்களுக்கும் இடையிலான கணக்கு. அதைக் காப்பாற்ற ஏஜென்டின் கவுண்டரில் போய்க் காசு கட்டுவது விதைக்காத வட்டைக்கு யானைக் காவல் இருப்பது போன்றது.

“இல்லை, என்னுடையது ஏஜென்டிடமே புதிதாக எடுத்த கார்” என்கிறீர்களா? நல்லது. எந்த ஆண்டு? 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். புதுக் காருக்குப் பொதுவாகக் கிடைப்பது மூன்று ஆண்டு, அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அது. 2020 தொடக்கத்தில் வாங்கிய காராக இருந்தாலும் அந்த மூன்று ஆண்டு 2023இல் முடிந்தது. தாராள மனதோடு ஐந்து ஆண்டு கொடுத்த கம்பெனியாக இருந்தாலும் 2025இல் முடிந்தது. இடைக்காலத்தில் உள்ளூரில் பொருத்தி விற்ற சில கார்கள், ஹைபிரிட் பற்றரிக்கென்று தனியாக நீண்ட காலம் எழுதிக் கொடுத்த சில அட்டைகள், இவற்றைத் தள்ளினால் நம் வீதிகளில் ஓடுகிற கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வாரண்டியே கிடையாது. இல்லாத ஒன்று எப்படிப் போகும்?

2025க்குப் பிறகு ஏஜென்டிடம் புதுக் கார் எடுத்தவர்கள் மட்டும் இந்த இடத்தில் காரை நிறுத்தி, டாஷ்போர்டைத் திறந்து வாரண்டிப் புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். அது ஓர் ஒப்பந்தம். எந்த இடைவெளியில், எங்கே சர்விஸ் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். அங்கேயும் புத்தகத்தில் இருப்பதைத்தான் செய்ய வேண்டும். கொட்டேசனில் இருப்பதை எல்லாம் அல்ல.

இந்தப் பயம் நம் ஊரில் மட்டும் முளைத்ததல்ல. அமெரிக்காவில் 1975இல் வந்த வாரண்டிச் சட்டம் இதையும் தடுத்தது: எங்கள் இடத்தில்தான் சர்விஸ் செய்ய வேண்டும், காசும் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று வாரண்டியில் நிபந்தனை போடக் கூடாது. வெளியில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் அதைக் கம்பெனி காட்ட வேண்டும். இந்தியாவில் 2011இல் ஒரு தனிமனிதர் கொடுத்த முறைப்பாட்டில் தொடங்கிய விசாரணை 2014 ஓகஸ்டில் முடிந்தபோது, அந்த நாட்டின் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் தண்டம் விதித்தது. மாருதி சுசுக்கி, டொயோட்டா, ஹொண்டா, நிசான், டாட்டா, மஹிந்திரா எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. உதிரிப்பாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல், பழுது பார்க்கும் தகவலையும் கருவியையும் கொடுக்காமல், வாடிக்கையாளரைத் தங்கள் வாசலிலேயே கட்டிவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சில பாகங்களில் ஏற்றிய விலை கிட்டத்தட்ட 5,000 வீதம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வெளிக் கராஜில் வேலை செய்வித்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் மேன்முறையீட்டுக்குப் போயின என்பது வேறு கதை. நம் கார்களைச் செய்கிற அதே பெயர்கள்தான் அவை என்பதைக் கவனியுங்கள்.

இனிக் கொட்டேசனுக்கு வருவோம். ஏஜென்டின் பில் ஏறியதற்கு நியாயமான காரணமும் உண்டு. 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியது. சாமான் எல்லாம் டொலரிலும் யென்னிலும் வருகிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். இதற்காக அவர்களோடு சண்டை பிடிக்க முடியாது. சண்டை பிடிக்க வேண்டியது வேறு வரிகளோடு.

தயாரிப்பாளரின் பராமரிப்பு அட்டவணையில் இரண்டே வினைகள்தான் திரும்பத் திரும்ப வரும்: ஒன்று ‘பார்’, மற்றது ‘மாற்று’. முக்கால்வாசி ‘பார்’. பிறேக் பேட்டைப் பார், பெல்ட்டைப் பார், கூலன்ட் மட்டத்தைப் பார். கொட்டேசனில் இந்தப் பார்த்தல்கள் எல்லாம் மெல்ல மாற்றல்களாகிவிடும். பிறகு அட்டவணையிலேயே இல்லாத விருந்தாளிகள் வந்து உட்காருவார்கள்: எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ரொட்டில் கிளீனிங், ஏசி கிருமி நீக்கம். வண்டி குலுங்கினால், ஐட்லிங் சரியில்லை என்றால் த்ரொட்டிலைத் துடையுங்கள். அது நோய்க்கு மருந்து. ஒழுங்காக ஓடுகிற வண்டிக்கு ஒவ்வொரு சர்விஸிலும் அது எதற்கு? கேபின் ஃபில்டர் மாற்றக் கூலி என்று தனி வரி இருக்கும். டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருக்கிறது அது. பத்து வயதுப் பிள்ளை மாற்றும்.

ஆகவே கேளுங்கள். சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். சாமானின் பார்ட் நம்பரை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, “இது கம்பெனி அட்டவணையில் இந்தக் கிலோமீற்றருக்கு இருக்கிறதா?” என்று கேளுங்கள். கழற்றிய பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டவுடனேயே சில வரிகள் தாமாகவே காணாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கையேடு ஜப்பான் மொழியில் இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தை ஃபோன் கமராவில் காட்டினால் மொழிபெயர்த்துத் தருகிற காலம் இது. திருமண வீடியோ பார்க்க மட்டுமா அந்த ஃபோன்?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஒயில் கறுத்தால் பழுதாகிவிட்டது என்பார்கள். அழுக்கைச் சுமப்பதுதான் அதன் வேலை, கறுக்கத்தான் செய்யும். டயருக்கு நைட்ரஜன் அடித்தால் அதிசயம் நடக்குமாம். நீங்கள் சும்மா அடிக்கிற காற்றில் 78 வீதம் நைட்ரஜன்தான். ஏஜென்டின் பெட்டியில் வந்தால்தான் ஒரிஜினலாம். டென்சோவும் ஐசினும் என்ஜீகேயும் கார்க் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கிற சாமானைத் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். போலி எது என்று தெரிந்து, நம்பிக்கையான கடையில் வாங்குவது உங்கள் பொறுப்பு.

ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் என்பது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. டொயோட்டா ஜப்பானில் தன் சாதாரணப் பெற்றோல் கார்களுக்குச் சொல்வது 15,000 கிலோமீற்றர் அல்லது ஓர் ஆண்டு. கடுமையான பாவனைக்கு அதில் பாதி, 7,500 அல்லது ஆறு மாதம். வேகன் ஆர் போன்ற சிறிய எஞ்சின்களுக்கு இடைவெளி இன்னும் குறைவு. நம் பாவனை கடுமையானதுதான். பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, கல்முனைச் சந்தைக்குப் போய் வீட்டுக்கு வருவது. எஞ்சின் சூடேறும் முன் பயணம் முடிந்துவிடுகிறது. அறுவடைக் காலத்தில் வட்டைத் தூசு வேறு. ஆக ஐயாயிரம் பாவமில்லை. ஆனால் ஏறாத மைலேஜைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை ஆண்டு அதே ஒயிலில் ஓட்டுகிறவர்கள்தான் இங்கே அதிகம். அவர்கள் காலண்டரைப் பார்க்கட்டும்.

எந்தக் கொட்டேசனிலும் இல்லாத ஒன்று இருக்கிறது: உப்பு. நம் கடற்காற்று பிறேக் கலிப்பரின் பின்களை இறுக்கிவிடும், அடிப்பாகத்தைத் தின்னும். கலிப்பர் பின்னைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசுவதும், அடியை நல்ல தண்ணீரால் கழுவுவதும் சின்னச் செலவு. கொழும்பில் அச்சடித்த பட்டியலுக்குப் பாண்டிருப்புக் கடற்கரை தெரியாது. ஹைபிரிட் என்றால் ஏஜென்ட் தவிர யாரும் தொடக் கூடாது என்பதும் அந்த வாரண்டிப் பயம் மாதிரித்தான். ஒரேஞ்ச் நிற வயரைத் தெரியாதவன் தொடக் கூடாது, அது உயிர் விஷயம். ஆனால் அக்வாவின் பின் சீட்டடியில் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறியின் வாயில் மணலும் தும்பும் அடைத்து, அதனால் சூடேறிச் செத்த பற்றரிகள் எத்தனை! அதைத் துப்புரவாக்க ஒரு நல்ல கராஜ் போதும்.

ஏஜென்டிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் நம்மவர்கள் கேட்பதே இல்லை. டக்காட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த எயார்பேக்குகள். அதில் காற்றை ஊதுகிற அமோனியம் நைட்ரேட் வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் காலப்போக்கில் கெடுகிறது. கெட்டால், விபத்தின்போது உலோகத் துண்டுகள் ஓட்டுநரின் முகத்தில் பாயும். உலகம் முழுக்கப் பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான கார்களைத் திருப்பியழைத்தார்கள்; அந்தக் கம்பெனி 2017இல் வங்குரோத்தானது. வெப்பமும் ஈரமும் என்றால் நம் கரையோரத்தை விடவா? ஜப்பான் தயாரிப்பாளர்களின் இணையத்தளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டால் உங்கள் காரின் பெயரில் திருப்பியழைப்பு இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் ஏஜென்டின் வாசலில் போய் நில்லுங்கள். இன்ஜெக்டர் கிளீனிங்குக்குப் போன நேரத்தில் இதற்குப் போயிருக்கலாம்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு நம்மூர்க் கராஜ்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் இருக்கிறது. சீரோ டுவென்டி ஒயில் கேட்கிற எஞ்சினுக்கு, “நம்ம சூட்டுக்கு தடிச்ச ஒயில்தான் சரி தம்பி” என்று லொறி ஒயிலை ஊற்றுகிறவர் யார்? சீ.வீ.டீ. கியர் பொக்சுக்குக் கையில் கிடைத்த ஏ.டி.எஃப். ஊற்றிக் கொன்றவர் யார்? கம்பெனி குறித்த திரவம் ஒன்று இருக்கிறது, அதைத் தவிர வேறு எதுவும் அங்கே போகக் கூடாது. மக்கள் இந்த வாரண்டிக் கதையை நம்புவதற்குப் பாதிக் காரணம் நீங்கள்தான். ஏஜென்ட் தருவது ஒரு கடதாசி. நீங்கள் தருவது சிகரெட் பெட்டியில் எழுதிய கணக்கு. என்ன ஒயில், எந்தக் கிலோமீற்றரில், என்ன சாமான் என்று எழுதிய பில் இருந்தால், காரை விற்கும்போது அதுவே சர்விஸ் புத்தகம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று பாவனையாளர் சட்டமும் சொல்கிறது. கொடுக்காவிட்டால் 1977க்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம்.

இன்னொன்றையும் நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வகுப்புக்குப் போகாமலே, கையில் இருக்கிற வேலையைக் காட்டித் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. என்.வீ.கியூ. என்று எல்லாருக்கும் தெரியும். நம் பையன்கள் அதை எடுக்கிறார்கள், எடுக்காமல் இல்லை. கட்டாருக்குப் போக விசா வந்தால் ஓடிப் போய் எடுக்கிறார்கள். ஊரில் கராஜ் வைத்திருக்கிற பாஸ்மார் அதை எடுத்துச் சுவரில் மாட்டினால் என்ன குறைந்துவிடும்? பில் புத்தகம் அடிக்கக் கல்முனையில் அச்சகம் இல்லையா?