இடதுகைப் பிள்ளைகளுக்கு: மடக்குக் கத்தி பழகும்போது

1. கத்தியை இடது கையிலேயே பிடியுங்கள். எந்தக் கையால் சாப்பிடுவது என்பது வீட்டு வழக்கம். அதைக் கத்திக்குக் கொண்டுவர வேண்டாம். "வலது கையில் பழகு" என்று பெரியவர்கள் சொன்னால், இந்த ஒன்றில் மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள். பழகாத கைக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது. வழுக்கும்போது நிறுத்தவும் வராது.

2. வாங்குமுன் பூட்டைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு. கடைகளில் அதிகம் கிடைப்பது லைனர் லாக். பிடிக்குள் ஒரு பக்கமாக மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். அலகு விரிந்ததும் அது உள்ளே சாய்ந்து, அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். மூட வேண்டுமானால் அந்தத் தகட்டை ஓரமாகத் தள்ள வேண்டும். வலது கட்டைவிரலுக்கு அது இயல்பான திசை. இடது கட்டைவிரலோ அதை நகத்தால் கொக்கி போட்டு இழுக்க வேண்டியிருக்கும். இழுப்பு தவறும் அந்த நொடியில், அலகு இறங்கும் வழியில் உங்கள் விரல் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. தகட்டைத் தொடுவதற்காகப் பிடியின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் செதுக்கி விட்டிருப்பார்கள். இடது கையில் அந்தச் செதுக்கல் உள்ளங்கைப் பக்கம் வந்துவிடும். இறுக்கிப் பிடித்து முறுக்கும்போது சதை தகட்டை நகர்த்தப் பார்க்கும். கடையில் லேசாகப் பிடித்தால் இது தெரியாது. வேலை செய்வதுபோல் இறுகப் பிடித்து, சதை எங்கே படுகிறது என்று பாருங்கள்.

3. பூட்டு நடுவில் இருந்தால் நமக்கும் வலதுகைக்காரருக்கும் வித்தியாசமில்லை. 1964-இல் பக் நிறுவனம் கொண்டுவந்த 110 கத்தியின் பூட்டு பிடியின் முதுகில் இருக்கிறது. பெஞ்ச்மேட் 1998-இல் கொண்டுவந்த ஆக்சிஸ் லாக்கை இரு பக்கமும் இழுக்கலாம். என் விருப்பம் பிரான்சின் சவுவா பகுதிக் கத்தியான ஒப்பினெல். அதில் 1955 முதல் ஒரு வளையப் பூட்டு உண்டு. வளையத்தைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். தொடங்குபவர்களை அதுவே நிதானப்படுத்தும்.

4. சிறிய சுவிஸ் பேனாக்கத்திகள் பெரும்பாலானவற்றில் பூட்டே கிடையாது. வில்லின் இறுக்கம் மட்டும்தான் அலகை நிறுத்துகிறது. ஆகவே முனையால் குத்தாதீர்கள், துளை போடாதீர்கள். நகம் வைத்து இழுக்கும் பள்ளமும் ஒரு பக்கம்தான் இருக்கும். விக்டோரினாக்ஸ் இடதுகைக்கென்றே சில மாதிரிகள் செய்திருக்கிறது; கிடைத்தால் விடாதீர்கள்.

5. மூடுவதைத் தனியாகப் பழகுங்கள். வெட்டும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறோம். வேலை முடிந்து, கண் வேறு பக்கம் போன பிறகு மூடுகிறோமே, அப்போதுதான் சுட்டுவிரல் அகப்படுகிறது. லைனர் லாக்தான் கையில் இருக்கிறதென்றால், மூடுவதற்கு மட்டும் கத்தியை வலது கைக்கு மாற்றுங்கள். வலது கட்டைவிரலால் தகட்டைத் தள்ளி, இடது கையால் அலகின் முதுகைப் பிடித்துப் பாதி மடக்குங்கள். அங்கே நிறுத்துங்கள். கட்டைவிரலை வெளியே எடுங்கள். பிடியின் வாய்க்குள் எந்த விரலும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு, இடது உள்ளங்கையால் முதுகைத் தள்ளி மூடுங்கள். தொடையில் அழுத்தி மூடவே கூடாது.

6. காற்சட்டைப் பையில் மாட்டும் கிளிப் பலவற்றில் வலது பைக்கென்றே வைத்திருக்கும். முனை மேல்நோக்கி நிற்கும் கத்தி வலது பையில் இருந்தால், அலகின் முதுகு பையின் பின் தையலோடு ஒட்டி நிற்கும். அலகு தானாகத் திறக்க இடமில்லை. அதே கத்தியை இடது பையில் மாட்டினால் அந்த முதுகு முன்பக்கம் திரும்பிவிடும், தடுக்க ஒன்றும் இருக்காது. அலகு கொஞ்சம் தளர்ந்திருந்தால் பைக்குள் விடும் கையைக் கூர்முனை வரவேற்கும். கிளிப்பைக் கழற்றி மறுபக்கம் திருகும் ஓட்டைகள் உள்ள கத்தியாக வாங்குங்கள்.

7. ரம்பப்பல் வேண்டாம். பெரும்பாலும் ஒரு முகத்தில் மட்டும் அரைத்திருப்பார்கள். இடது கையில் வெட்டு கோணலாகப் போகும், நேராக்க நீங்கள் கூடுதலாக அழுத்துவீர்கள்.

8. வரிசையாக உட்கார்ந்து குச்சி சீவும்போது இடது கோடியில் இடம் பிடியுங்கள். வலதுகைக்காரருக்கு வலப்புறம் உட்கார்ந்தால் கத்தி பிடித்த இரு முழங்கைகளும் மோதும். கை நீட்டினால் யார்மீதும் படாத தூரம் வேண்டும். கூர் எப்போதும் உடம்பை விட்டு விலகிப் போகட்டும். தொடைக்கு மேலே வைத்துச் சீவாதீர்கள். பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது.

9. யாராவது கத்தியைக் கேட்டால் மூடிக் கொடுங்கள். வாங்குபவர் வலதுகைக்காரராக இருந்தால், பூட்டு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒருமுறை சொல்லிக் கொடுங்கள்.