மனு தள்ளுபடியானால்?

மகள் ஹூஸ்டனில் வீடு வாங்கியிருக்கிறாள். ஹரிக்கேன் வந்தால் அரசு நிவாரணம் லேசில் கிடைக்காது, மனுவைத் தள்ளிவிடுகிறார்கள் என்கிறாள். நிஜமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

நிஜம்தான். ஆனால் தள்ளுபடியோடு விஷயம் முடிந்துவிடாது. தள்ளுபடிக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பல சமயம் ஒரு ரசீதோ கையெழுத்தோதான் விடுபட்டிருக்கும்.

உதாரணத்துக்கு, 2017 செப்டம்பரில் மரியா புயல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவைச் சூறையாடியது. தலைமுறையாகக் குடியிருந்த வீட்டுக்குப் பத்திரம் இல்லை என்று ஆயிரக்கணக்கானோரின் மனுக்களை அமெரிக்கப் பேரிடர் முகமையான ஃபீமா நிராகரித்தது. தீவு முழுக்க மின்சாரம் திரும்ப ஏறத்தாழ 11 மாதம் ஆயிற்று. இறந்தவர்கள் 64 பேர் என்று சொல்லிவந்த தீவின் அரசு, மறுவருடம் 2,975 என்று திருத்திக்கொண்டது. அந்த மக்களின் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. அவர்கள் விடாமல் போராடியதால்தான் பத்திர விதி பின்னர் தளர்ந்தது.

உங்கள் மகள் முதலில் கவனிக்க வேண்டியது காப்பீட்டை. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. 2017-இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் மூழ்கிய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளக் காப்பீடே இல்லை. அந்தக் காப்பீட்டை எடுத்தாலும் நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாளாகும். புயல் பருவமோ ஜூன் 1-இல் தொடங்கிவிடும். ஏப்ரலிலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறையையும் போனில் படமெடுத்து உங்களுக்கும் அனுப்பி வைக்கட்டும்.