கன்னடமோ தெலுங்கோ: ஓசூர்ப் பக்கத்து மாணாக்கர் முதலில் கற்கத்தக்கது எது?

அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகும் மாணாக்கன் முதற்கண் வினவுவது, "எது எளிது?" என்பதே. இவ்வினாவிற்கு எல்லார்க்கும் பொருந்தும் விடை இல்லை. வியத்நாமிய மொழியையும் ருஷ்ய மொழியையும் எடுத்துக்கொள்வோம். முன்னதில் சொற்கள் வேற்றுமைக்காகவும் காலத்திற்காகவும் உருத்திரிவதில்லை. எழுத்தும் உரோமன் எழுத்தே. ஆயின் அதன் வடபகுதி வழக்கில் ஆறு தொனிகள் உள. தொனி மாறினால் பொருளும் மாறும். ருஷ்யத்தில் அத்தகைய தொனி இல்லை. ஆறு வேற்றுமைகளும் மூன்று பால்களும் உண்டு. வேற்றுமையுருபுகளோடு வளர்ந்த தமிழனுக்கு இவ்வாறு வேற்றுமை பேரச்சம் விளைப்பதன்று. ஆங்கிலேயனுக்கோ அது செங்குத்தான மலை. ஆகவே கற்பவனது தாய்மொழி நிற்கும் இடத்திலிருந்தே தூரத்தை அளத்தல் வேண்டும்.

நிற்க. இவ்வினா நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏட்டளவில் நிற்பதன்று. ஓசூர்த் தொழிற்பேட்டைக்குத் தமிழ்நாட்டின் பல பகுதிகளினின்றும் இளைஞர் வந்து சேர்கின்றனர். அவருட் பலர் அத்திப்பள்ளி வழியே எல்லை கடந்து பொம்மசந்திரத்திற்கும் பெங்களூருக்கும் நாடோறும் வேலைக்குச் செல்கின்றனர். அங்கே கன்னடம் வேண்டும். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கங்களிலோ வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் மிகப் பல. பொழுதும் ஊக்கமும் ஒரு மொழிக்கே போதுமெனின், எதனை எடுப்பது?

உறவுமுறையை முதலில் நோக்குவோம். கால்டுவெல் ஐயர் 1856ஆம் ஆண்டில் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது முதல், இம்மூன்றும் ஓரினத்தன என்பது கற்றோர் பலரும் அறிந்ததாயிற்று. பின்வந்த ஆராய்ச்சியாளர் தமிழையும் கன்னடத்தையும் தென்திராவிடக் கிளையிலும், தெலுங்கைக் கோண்டி, குவி முதலியவற்றோடு வேறொரு கிளையிலும் வைப்பர். எனவே கன்னடம் நமக்கு உடன்பிறந்தாள். தெலுங்கு சிற்றப்பன் மகள் எனலாம்.

ஆயினும் செவிக்குக் கன்னடம் சற்று அயலாகவே தோன்றும். காரணம், சொன்முதற் பகரம் அங்கே ஹகரமாயினமை. பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து. பழங்கன்னடத்திற் பகரமே வழங்கிற்று. பிற்காலத்தே இம்மாறுதல் நேர்ந்தது. தெலுங்கில் பாலு, புலி, பல்லு, பதி எனப் பகரம் நிலைத்திருக்கிறது. இவ்விதியை நம் ஊர்ப்பெயர்களே கற்பிக்கும். எல்லைக்கு இப்பால் உத்தனப்பள்ளி, தொரப்பள்ளி. அப்பால் பொம்மனஹள்ளி, மாரத்தஹள்ளி. ஓசூர் என்பதே 'ஹொஸ ஊரு', அதாவது புதிய ஊர். 'ஹொஸ' என்பதன் பழைய வடிவம் 'பொஸ'. அது நம் 'புது'வின் உறவு. அவ்வாறே தமிழின் சொன்முதல் வகரம் கன்னடத்திற் பகரத்தின் மெல்லோசை பெறும்: வா என்பது 'பா', வேண்டா என்பது 'பேட', வேர் என்பது 'பேரு'. இன்னும் ஒன்று: செவி அங்கே 'கிவி', சிறு 'கிரு'. இம்மூன்று விதிகளும் கைவந்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் தாமே வந்து நிற்கும்.

தெலுங்கில் வேறு வகையான திரிபு உண்டு. சொன்முதல் உயிர் இடம்பெயர்ந்து அடுத்த மெய் முன்வரும். இரண்டு என்பது 'ரெண்டு', உரல் என்பது 'ரோலு', அவர் என்பது 'வாரு'. ழகரம் டகரமாய்க் கோழி 'கோடி'யாகும், ஏழு 'ஏடு' ஆகும். இதுவும் கற்கத்தக்கதே. ஆனால் தமிழ் மாணாக்கனைத் திகைக்க வைப்பது தெலுங்கின் வினைமுற்று. கன்னடத்தில் வந்தான், வந்தாள், வந்தது என்பவை 'பந்தனு, பந்தளு, பந்திது' என நம்மைப்போலவே மூன்றாகும். தெலுங்கிலோ ஒருமையில் ஆடவனுக்கு ஒரு முடிவும், ஏனையவற்றிற்கெல்லாம் ஒரு முடிவும். பெண் வந்தாலும் பசு வந்தாலும் 'வச்சிந்தி' என்பதே. இதனை இழிவென்று கருதி முகஞ்சுளிப்பது பேதைமை. இலக்கணத்தின் வகுப்பு வேறு, மக்களின் மதிப்பு வேறு. மூத்த பெண்டிரைக் குறிக்குங்கால் 'வச்சாரு' என்னும் பன்மையே மரியாதை. பழகும்வரை யாவர்க்கும் அதனையே வழங்குதல் நலம்.

மற்றொரு புறம், நாம் என்றும் நாங்கள் என்றும் தமிழர் காக்கும் நுட்பமான வேறுபாடு தெலுங்கில் 'மனமு, மேமு' என வாழ்கிறது. இன்றைய கன்னடம் அதனை இழந்து 'நாவு' ஒன்றினாலேயே இரண்டையும் கூறும். அணுக்க உறவினர் எல்லாவற்றிலும் ஒத்திருப்பர் என்பது மொழியிலும் பொய்யே.

தொழிற்சாலையில் பொருள் மயக்கம் பொல்லாதது. 'அவசரம்' என்னும் வடசொல்லைக் காண்க. தமிழிலும் கன்னடத்திலும் அது விரைவைக் குறிக்கும். தெலுங்கில் தேவையைக் குறிக்கும். 'அவசரம் லேது' என்று தெலுங்கர் கூறின், அது வேண்டா என்பது பொருள். மெல்லச் செய்யலாம் என்று தமிழன் கொள்வானாயின், வேண்டாத வேலையைப் பொறுமையாகச் செய்து முடிப்பான்!

ஒலிப்பில் இரண்டுமே நமக்குக் கடினம். ககரம் ஒன்றிற்கு அங்கே வன்மை, மூச்சொலி, மென்மை என நான்கு எழுத்துக்கள். தெலுங்கில் பாட்டைக் குறிக்கும் சொல்லும் பாதையைக் குறிக்கும் சொல்லும் முதலெழுத்தின் வன்மை மென்மையால் மட்டுமே வேறுபடும். தமிழெழுத்தில் எழுதினாலோ இரண்டும் 'பாட' என்றே நிற்கும். ஆதலின் தமிழெழுத்தில் குறித்துக்கொண்டு கற்கும் வழக்கத்தை அறவே விடல் வேண்டும்.

தமிழ்த் தாய்மொழியினர் கன்னடத்தை முதலில் எடுப்பதே தக்கது என்பது என் துணிபு. வீட்டில் தெலுங்கு பேசும் நம் மாணாக்கர் நிலை வேறு. பேச்சறிந்தும் தாய்மொழியின் எழுத்தறியாதார் அவருட் பலர். 2006ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய பின், மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கோரி நீதிமன்றம் சென்றனர். அவ்வழக்கு எவ்வாறாயினும், பேச்சை முன்னரே உடையவர்க்கு எழுத்தைக் கற்பது சில வாரப் பணியே. மேலும் கற்க விரும்புவோர்க்கு 1997இல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகம் அண்மையிற் குப்பத்தில் உள்ளது.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். இரண்டும் ஒரே பழவரிவடிவத்தினின்று பிரிந்தவை. ககரமும் தகரமும் போன்ற சில வேறுபடினும், கன்னட எழுத்தை அறிந்தவன் தெலுங்கின் பெரும்பகுதியை எளிதில் இனங்காண்பான். தெலுங்கில் எழுத்தின் தலைமேற் சிறு கொக்கி போன்ற குறி நிற்கும். கன்னடத்தில் அது படுத்து வளைந்திருக்கும். அத்திப்பள்ளியில் நிற்கும் பேருந்துகளின் பலகையை வாய்விட்டுப் படித்துப் பழகுவோர்க்கு முதல் மாதத்திற்கு வேறு பாடநூல் வேண்டுவதில்லை.