கிரகணம் கற்பிக்கும் பாடம்

அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே புகழனைத்தும். அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அச்சம் மனிதனுடைய பிறவிக் குணம். அச்சப்படுவதே ஈமானுக்குக் குறை என்று சிலர் எண்ணுகின்றனர், அது தவறு. மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வுடன் உரையாடிய நபி. அவர்களின் கைத்தடி பாம்பாக நெளிந்தபோது அஞ்சித் திரும்பி ஓடினார்கள் என்று திருமறையே நமக்குக் கூறுகிறது. அஞ்சியதற்காக அவர்களை அல்லாஹ் கண்டிக்கவில்லை. அஞ்ச வேண்டாம், அதைக் கையில் பிடியும் என்றே கட்டளையிட்டான். எதைக் கண்டு ஓடினார்களோ அதையே நெருங்கிப் பிடித்தார்கள். அது மீண்டும் கைத்தடியாயிற்று.

ஆகவே, அச்சம் வந்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. வந்த அச்சத்தைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. இதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து ஒரே ஒரு நாளை இங்கே எடுத்துக்கொள்வோம். அது சூரியன் மங்கிய நாள்.

துக்கமும் இருளும் சேர்ந்து வந்த நாள்

நாயகம் (ஸல்) அவர்களுக்கும் அன்னை மாரியா (ரலி) அவர்களுக்கும் ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் பிறந்த அருமை மைந்தர் இப்ராஹீம் (ரலி). காஸிம், அப்துல்லாஹ் என்னும் புதல்வர்களைச் சிறு வயதிலேயே நாயகம் (ஸல்) அவர்கள் பறிகொடுத்திருந்தார்கள். ஸைனப், ருகையா, உம்மு குல்ஸூம் (ரலி) ஆகிய புதல்வியரும் மறைந்துவிட்டார்கள். அறுபது வயதைக் கடந்த நிலையில் மடியில் தவழ்ந்த குழந்தை இப்ராஹீம். மதீனாவில் ஒரு கொல்லரின் வீட்டில் அக்குழந்தை பாலூட்டி வளர்க்கப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் அங்கே செல்வார்கள், குழந்தையை வாரியெடுத்து முத்தமிடுவார்கள், உச்சி முகர்வார்கள்.

ஏறத்தாழ ஒன்றரை வயதில் அக்குழந்தை இறையடி சேர்ந்தது. நாயகத்தின் கண்கள் நீர் வடித்தன. அருகிலிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வியப்புற்று வினவியபோது, இது இரக்கத்தின் கண்ணீர் என்றும், கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆயினும் இறைவனுக்குப் பொருந்தாத சொல் நாவில் வராது என்றும் பொருள்பட மறுமொழி கூறினார்கள்.

அதே நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அது கி.பி. 632 ஜனவரி 27 அன்று நிகழ்ந்த கிரகணம் என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். பகலின் ஒளி மங்கியது. இது கியாமத் நாளோ என்று அஞ்சியவர்களாய் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்தார்கள் என்று அபூ மூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். மேலாடை தரையில் இழுபட விரைந்து பள்ளிவாசலுக்கு வந்தார்கள் என்று அபூ பக்ரா (ரலி) அறிவிக்கிறார்கள்.

இங்கே கவனியுங்கள்! அல்லாஹ்வின் தூதரே அஞ்சினார்கள். ஆனால் அந்த அச்சம் அவர்களைக் கதவை அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார வைக்கவில்லை. எழுந்து நடக்க வைத்தது. தம் சொந்தத் துக்கத்தோடு, கலங்கி நின்ற மக்களிடம் வந்து, அவர்களை ஒன்று சேர்த்துத் தொழுகையில் நிறுத்தினார்கள். துணிவு என்பது அச்சமே இல்லாதிருப்பது அன்று. அஞ்சிய கால்களையும் நன்மையின் பக்கம் நடத்திச் செல்வதே துணிவு.

புகழைத் தள்ளிய புனித நாவு

அன்று மதீனாவில் ஒரு பேச்சு எழுந்தது. நபியின் மைந்தர் மறைந்ததால்தான் சூரியனும் துக்கம் கொண்டாடுகிறது என்றனர் மக்கள். அன்பினால் எழுந்த பேச்சு அது. புத்திர சோகத்தில் இருந்த தந்தை பேசாமல் இருந்திருந்தாலே போதும். அது ஒரு பெரும் கராமத்தாகப் பரவியிருக்கும். பொய்யான ஒரு நபியாக இருந்தால் அந்தப் பேச்சை ஊக்கப்படுத்தியிருப்பான்.

ஆனால் உண்மை நபி (ஸல்) அவர்கள் அந்தத் துயர நாளிலேயே, சற்றும் தாமதியாமல் அதை மறுத்துரைத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு. எவருடைய மரணத்திற்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை. நீங்கள் அதைக் கண்டால் விலகும்வரை தொழுங்கள், துஆச் செய்யுங்கள் என்று தெளிவுபடுத்தினார்கள். தம் பிள்ளையின் பெயரால்கூட ஒரு மூடநம்பிக்கை வேர்விட அவர்கள் சம்மதிக்கவில்லை.

அஸ்மாவின் கேள்வி

அந்த நாளின் இன்னொரு காட்சி நம் இல்லத்தரசிகள் அறிய வேண்டியது. அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி), தம் சகோதரி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வருகிறார்கள். மக்கள் தொழுதுகொண்டிருக்கின்றனர்; ஆயிஷா நாயகியும் தொழுகையில் நிற்கிறார்கள். மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று அஸ்மா கேட்கிறார்கள். ஆயிஷா நாயகி கையால் வானத்தைச் சுட்டி, ஸுப்ஹானல்லாஹ் என்கிறார்கள். இது ஓர் அத்தாட்சியா என்று அஸ்மா மீண்டும் வினவுகிறார்கள். ஆம் என்று தலையசைப்பால் மறுமொழி வருகிறது. உடனே அஸ்மாவும் தொழுகையில் சேர்கிறார்கள். நெடுநேரம் நின்றதால் மயக்கம் வரும் போலாகி, அருகிலிருந்த தோல் பையின் நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

இது யாருக்குக் கேடு, என்ன துர்ச்சகுனம் என்று அந்த அம்மையார் கேட்கவில்லை. என்ன நேர்ந்தது, இது எதைக் காட்டுகிறது என்றே கேட்டார்கள். முதல் வகைக் கேள்வி அச்சத்தை வளர்க்கும். இரண்டாம் வகைக் கேள்வி அறிவை வளர்க்கும். அறிவு வியப்பில் கொண்டுபோய் நிறுத்தும். கேள்விக்கு விடை கிடைத்ததும் அவர்கள் திரும்பிப் போய்விடவில்லை, தொழுகையில் நின்றார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன?

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் சூரியன் மோதிர வளையம் போல் தெரிந்தது. அதற்கு முன் 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் அவ்வாறே தெரிந்தது. இத்தகைய நாட்களில் கலிமாச் சொன்ன வீடுகளிலும் நடப்பது என்ன? கருவுற்ற மருமகளை இருட்டறையில் படுக்க வைக்கிறார்கள். கத்தியைத் தொடாதே, காய் நறுக்காதே, நகம் வெட்டாதே, பிள்ளையின் உதடு பிளந்துவிடும் என்கிறார்கள். ஆக்கிய சோற்றைக் கொட்டுகிறார்கள்.

பிறகு ஏதேனும் ஒரு குழந்தை பிளவுற்ற உதட்டோடு பிறந்துவிட்டால், கிரகணத்தன்று என்ன செய்தாய் என்று அந்தத் தாயை ஆயுள் முழுதும் குத்திக் காட்டுகிறார்கள். சிசுவின் உதடு உருவாவது கருவுற்ற முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே என்று மருத்துவம் கூறுகிறது. ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ அவள் காய் நறுக்கியதால் அது எப்படிப் பிளக்கும்? பரம்பரை, சில மருந்துகள், புகை, தாயின் சர்க்கரை நோய் முதலியவை அதற்குத் தொடர்புடைய காரணங்கள் என்கின்றனர் மருத்துவர்கள். அறுவை சிகிச்சையால் அதைச் சீர்செய்யவும் முடிகிறது. நாம் செய்ய வேண்டியது சிகிச்சைக்கு வழி தேடுவது. தாயின் மீது பழி சுமத்துவது அன்று. குற்றமற்றவள் மீது சுமத்தும் பழிக்கு நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டும்.

மாமிமார்களே, சற்றே சிந்தியுங்கள்! அல்லாஹ்வின் தூதருடைய மைந்தரின் மரணத்திற்காகவே வராத கிரகணம், உங்கள் மருமகளின் வயிற்றிலுள்ள பிள்ளையைத் தேடியா வரும்?

மெய்யான அச்சம் வேறு, வீண் அச்சம் வேறு

அப்படியானால் எதற்குமே அஞ்ச வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. கிரகண வேளையில் சூரியனை வெறுங்கண்ணால் உற்று நோக்கினால் விழித்திரை வெந்துபோகும். வலியே தெரியாமல் பார்வை கெடும். இது மெய்யான ஆபத்து. இதற்கு அஞ்சிப் பிள்ளைகளைக் காப்பது வாஜிபு. அதற்கென்றே செய்த கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்க விடாதீர்கள். வீண் அச்சத்தில் மூழ்கியவர் பெரும்பாலும் இந்த மெய்யான ஆபத்தைக் கவனிப்பதில்லை. இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் அறிவு வேண்டும்.

பார்க்க நல்ல வழியும் உண்டு. ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியைத் தரையில் விழச் செய்யுங்கள். பிறை வடிவில் சூரியனின் பிம்பம் விழும். வேப்ப மரத்தடியில் பாருங்கள். இலைகளின் இடுக்கு வழியே நூற்றுக்கணக்கான பிறைகள் தரையெங்கும் சிதறிக் கிடக்கும். பஸராவில் பிறந்த பேரறிஞர் இப்னுல் ஹைஸம், துளை வழியே விழும் கிரகண பிம்பத்தின் வடிவத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் ஆராய்ந்ததை இன்று உங்கள் முற்றத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கணக்குத் தெரிந்த பின் தொழுகை எதற்கு?

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கின்றனர். கிரகணம் எப்போது தொடங்கும், எப்போது விடும் என்று நிமிடக் கணக்காகச் சொல்லிவிடுகிறார்களே, இதில் அஞ்சவும் தொழவும் என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி; கேட்பவரைக் கடிந்து வாயடைக்கக் கூடாது.

மஃரிபு நேரத்தையும் நாம் நிமிடக் கணக்காக அறிந்து பள்ளிவாசலில் எழுதி மாட்டியிருக்கிறோம். கணக்குத் தெரிந்துவிட்டது என்று மஃரிபுத் தொழுகையை விட்டுவிடுகிறோமா? சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குகின்றன என்று ஸூரா அர்ரஹ்மான் கூறுகிறது. கணக்கு இருப்பதே அத்தாட்சிதான். சூரியனின் குறுக்களவு சந்திரனைப் போல் சுமார் 400 மடங்கு. அது நம்மிடமிருந்து இருக்கும் தூரமும் சந்திரனின் தூரத்தைப் போல் சுமார் 400 மடங்கு. ஆகவேதான் சிறிய சந்திரன் அத்தனை பெரிய சூரியனை மறைக்க முடிகிறது. இதை அறிந்தவனுக்கு வியப்பு கூடுமா, குறையுமா?

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸாலி (ரஹ்) அவர்கள் ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ நூலின் முன்னுரையில் இதையே பேசுகிறார்கள். கணிதத்தால் நிறுவப்பட்ட கிரகணக் காரணத்தை மறுப்பதே மார்க்கத்துக்குச் செய்யும் தொண்டு என்று நினைப்பவன், மார்க்கத்துக்குத் தீங்கே இழைக்கிறான் என்பது அவர்களின் கருத்து.

நம் முன்னோர் கிரகணத்தைக் கண்டு ஒளிந்தவர்கள் அல்லர். கி.பி. 997 மே 24 அன்று சந்திர கிரகணம் நிகழ்ந்தபோது, குவாரஸ்ம் நாட்டிலிருந்து அல்பிரூனியும் பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் முன்னரே பேசிவைத்துக்கொண்டு அதை ஒரே சமயத்தில் கவனித்தார்கள். இரண்டு ஊர்களின் நேரமும் ஏறத்தாழ ஒரு மணி வேறுபட்டது. அதைக் கொண்டு அவ்விரு ஊர்களும் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியுள்ளன என்று கணக்கிட்டார்கள். ஊர்களின் இருப்பிடம் தெரிந்தால்தான் கிப்லாவின் திசையைச் செம்மையாக அறிய முடியும். மற்றவர் அஞ்சி ஒடுங்கிய இருளில், கஅபாவின் திசையை அறிய உதவும் கணக்கைக் கண்டது அந்தக் கூட்டம்!

செய்ய வேண்டியவை

கிரகணத் தொழுகை வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்து. பாங்கும் இகாமத்தும் இல்லை. ‘அஸ்ஸலாத்து ஜாமிஆ’ என்று அழைக்கப்படும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு ரக்அத்துகள். ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு நிலைகள், இரண்டு ருகூஉகள் என்பது அதன் சிறந்த முறை. தொழுகைக்குப் பின் குத்பா உண்டு. ஹனஃபி மத்ஹபில் வழக்கமான இரண்டு ரக்அத்துகளாக நீட்டித் தொழ வேண்டும், குத்பா இல்லை, சந்திர கிரகணத்தில் தனித்தனியே தொழுவர். தொழுகை மக்ரூஹான நேரமாயின் ஹனஃபிகள் துஆவிலும் திக்ரிலும் ஈடுபடுவர். பெண்கள் வீட்டில் தொழுதுகொள்ளலாம். கருவுற்றவர்கள் நிற்க இயலாவிடில் உட்கார்ந்து தொழலாம். தக்பீர், இஸ்திஃக்ஃபார், ஸதகா ஆகியவையும் அந்நேரத்து அமல்கள். அடிமைகளை விடுதலை செய்யும்படியும் அன்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். உலகம் இருண்டபோது இன்னொருவனுடைய வாழ்வில் ஒளியேற்றச் சொன்ன மார்க்கம் இது!

இன்ஷா அல்லாஹ், 2031 மே 21 அன்று தென் தமிழகத்தின் சில பகுதிகளில் மீண்டும் வளைய கிரகணம் தெரியும். அதற்குள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுப்போம்.

வாழ்க்கையின் கிரகணங்கள்

வானத்தில் மட்டுமா இருள் வருகிறது? மருத்துவரின் சீட்டில் ஒரு நோயின் பெயர் வருகிறது. சம்பாதிப்பவரின் வேலை போகிறது. வியாபாரம் படுத்துக் கடன் ஏறுகிறது. அப்போது யாரோ கண் வைத்துவிட்டார்கள், இந்த மருமகள் வந்த வேளை சரியில்லை என்று பேச்சு எழும். அந்த வேளையில் மதீனாவின் அந்த நாளை நினைவுகூருங்கள்.

அஞ்சினாலும் எழுந்திருங்கள், ஒளு செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். அடுத்து, பொய்யான காரணத்தைத் தள்ளிவிட்டு மெய்யான காரணத்தைக் கேளுங்கள். நோயானால் மருத்துவரைக் கேளுங்கள். கடனானால் கணக்கைப் புரட்டுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், நாயகமே அழுதார்கள். அதன்பின், இத்தனை நாளும் கேளாமலே கிடைத்துவந்த ஒளி எவ்வளவு பெரிய நிஃமத்து என்று வியந்து நில்லுங்கள். தினமும் உதிக்கும் சூரியனை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? அது மங்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. உடல் நலமும் அப்படியே. வீட்டிலுள்ள மனிதர்களும் அப்படியே.

வல்ல நாயன் வீண் அச்சங்களிலிருந்து நம் இல்லங்களைக் காத்து, அவனை மட்டுமே அஞ்சும் உள்ளத்தையும், அவனுடைய அத்தாட்சிகளைக் கேட்டறியும் அறிவையும், கண்டு வியக்கும் கண்களையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.